அக்டோபர் மழை முதல் மார்கழிப் பனி வரை: மதுரை வட்டாரத்தில் பருவக் கணிப்பைப் படித்து ஏற்பாடு செய்ய ஒரு முழு வழிகாட்டி

செப்டம்பர் கடைசியில் இந்திய வானிலை ஆய்வுத் துறை வடகிழக்குப் பருவமழைக் கணிப்பை வெளியிடும். மறுநாள் செய்தித்தாளில் "இந்த ஆண்டு மழை அதிகம்" என்றோ "மழை குறையும்" என்றோ ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை நம்பி 150 நாள் நெல்லை நாற்றங்காலில் விடுபவர்களும் உண்டு, அதைத் தூக்கி எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. இரண்டுமே நட்டத்தில் கொண்டுபோய் விடும்.

மூன்று மாதக் கணிப்பை வைத்து ரகம், காப்பீடு, கண்மாய் வேலை ஆகியவற்றை முடிவு செய்யலாம். நாற்று நடவும் உரமும் நான்கு வாரக் கணிப்பைப் பார்த்துச் செய்ய வேண்டியவை. மருந்தடிப்பும் அறுப்பும் ஐந்து நாள் கணிப்பின் வேலை. மூன்று மணி நேர எச்சரிக்கை வந்தால் வயலைவிட்டு வெளியேற வேண்டும், அவ்வளவுதான். இந்த வரிசையை மாற்றிப்போட்டால் எந்தக் கணிப்பும் பயன்படாது.

முதல் படி: உங்கள் தண்ணீர் எந்த மழையில் இருந்து வருகிறது?

மதுரை மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு வேறு பருவங்களை நம்பி விவசாயம் நடக்கிறது. பேரணையில் இருந்து கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகப் பாசனமும், மேலூர், திருமங்கலம் பக்கத்து ஒருபோகப் பாசனமும் பெரியாறு, வைகை அணைகளின் நீரை எதிர்பார்ப்பவை. பெரியாற்றின் நீர்ப்பிடிப்பு மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் அணையை நிரப்பும். ஆகவே கால்வாய் விவசாயி அக்டோபர் கணிப்பைப் பார்ப்பதற்கு முன்னால் செப்டம்பர் கடைசி நிலவரப்படி இரண்டு அணைகளின் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். பெரியாறு 142 அடி, வைகை 71 அடி என்பவை உச்ச அளவுகள். அணையில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீரைவிட உறுதியான கணிப்பு வேறு எதுவும் கிடையாது.

உசிலம்பட்டி, பேரையூர், தே.கல்லுப்பட்டி, கள்ளிக்குடி பக்கத்து மானாவாரி நிலமும், மழையை மட்டும் நம்பிய கண்மாய்ப் பாசனமும் முழுக்க வடகிழக்குப் பருவத்தின் கையில் இருப்பவை. பருவக் கணிப்பைக் கவனித்துப் படிக்க வேண்டியவர்கள் முதலில் இவர்கள்தான்.

இரண்டாம் படி: பருவக் கணிப்பைப் பிரித்துப் படித்தல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கணிப்பு தமிழகத்துக்கு மட்டும் தரப்படுவதில்லை. தமிழகம், கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தென் உள் கர்நாடகம் ஆகிய ஐந்து பகுதிகளையும் சேர்த்து ஒரே எண்ணாக வரும். நீண்டகாலச் சராசரியில் 88 முதல் 112 விழுக்காடு வரை பெய்தால் "இயல்பு", அதற்குக் கீழே "குறைவு", மேலே "அதிகம்". மூன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று விழுக்காட்டில் சொல்வார்கள். எடுத்துக்காட்டாக அதிகம் 45, இயல்பு 30, குறைவு 25 என்று வந்தால், தலைப்பில் "மழை அதிகம்" என்றுதான் போடுவார்கள். ஆனால் நான்கு முறைக்கு ஒரு முறை மழை குறையும் என்பதும் அதே கணிப்பில் இருக்கிறது. அந்த 25-ஐ மறந்துவிடாதீர்கள்.

கணிப்புக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பெயர்களை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி இயல்பைவிட அரை டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ சூடாகி அப்படியே பல மாதம் நீடித்தால் எல் நினோ. அதே அளவுக்குக் குளிர்ந்தால் லா நினா. இந்தியப் பெருங்கடலில் ஆப்பிரிக்கக் கரையோரம் சூடாகவும் சுமத்ராவை ஒட்டிய பகுதி குளிர்ச்சியாகவும் இருந்தால் அது நேர்மறை இருமுனை நிலை. எதிர்மாறாக இருந்தால் எதிர்மறை நிலை.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். எல் நினோ வந்தால் வறட்சி என்று வடக்கே சொல்வது தென்மேற்குப் பருவத்துக்கான பேச்சு. வடகிழக்குப் பருவத்துக்குப் பொதுவாக எல் நினோவும் நேர்மறை இருமுனையும் உதவியாகவே இருக்கும். 2015-இல் எல் நினோ இருந்தது, தமிழகம் வெள்ளத்தில் மிதந்தது. அதனால் ஒரே எல் நினோ, பெரியாற்றுப் பாசனக்காரருக்குக் கெட்ட செய்தியாகவும் பேரையூர் கரிசல்காட்டுக்காரருக்கு நல்ல செய்தியாகவும் இருக்கலாம்.

"பொதுவாக" என்ற சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2016-இல் லா நினா பக்கம் சாய்ந்த பசிபிக், எதிர்மறை இருமுனை. அந்த ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2021-லும் லா நினா, எதிர்மறை இருமுனை. ஆனால் மழை 59 விழுக்காடு அதிகம். இரண்டு ஆண்டிலும் அறிகுறிகள் ஒன்றே, விளைவு நேர் எதிர். 2023-இல் எல் நினோவும் வலுவான நேர்மறை இருமுனையும் சேர்ந்திருந்தும் மாநில மொத்தம் இயல்பை ஒட்டியே நின்றது. ஆனால் டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. பருவ மொத்தம் சொல்லும் கணிப்பால் இப்படி ஒரு நாளைச் சொல்லவே முடியாது.

மூன்றாம் படி: மாநிலக் கணிப்பை உங்கள் ஊருக்கு இறக்குதல்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோவை காலநிலை ஆராய்ச்சி மையம் மாவட்டவாரியாக மில்லிமீட்டரில் ஒரு கணிப்பு வெளியிடுகிறது. தொடங்க அது நல்ல இடம். அதோடு உங்கள் பக்கத்து மழைமானிப் பதிவையும் சேருங்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, பேரையூர், சோழவந்தான், கள்ளந்திரி என்று பல இடங்களில் மழைமானி இருக்கிறது. கடந்த 20 ஆண்டுகளின் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மொத்தத்தை ஒரு நோட்டில் எழுதி, குறைவில் இருந்து அதிகம் வரை வரிசைப்படுத்துங்கள். கீழே உள்ள ஆறு ஏழு ஆண்டுகளில் உங்கள் கண்மாய் எவ்வளவு நிரம்பியது, எந்தப் பயிர் தேறியது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். ஊரில் வயதானவர்களுக்கு ஆண்டு மறந்தாலும் கலுங்கு (கண்மாய் நிரம்பியதும் உபரி நீர் வழியும் இடம்) பாய்ந்ததா இல்லையா என்பது மறக்காது. கணிப்பில் "குறைவு" 25 விழுக்காடு என்றால் நடக்கக்கூடியது எது என்பது அந்தப் பட்டியலின் அடிப்பகுதியில் இருக்கிறது.

கடலோரச் செய்தியை மதுரைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு சென்னைக்கோ ஆந்திரத்துக்கோ போனால் நம் பக்கம் பெரும்பாலும் வறண்ட காற்றுதான் வீசும். வானம் வெளுத்துக் கிடக்கும். அதே தாழ்வு இலங்கைக்குத் தெற்கே வந்து மன்னார் வளைகுடா, குமரிக்கடல் வழியாக நகர்ந்தால் தென்மாவட்டங்கள் முழுக்க நனையும். டெல்டாவில் கரையேறி மேற்கே நகரும் புயலும் நம்மைத் தொடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் மலை வரை மரங்களைச் சாய்த்தது. ஆகவே தாழ்வு உருவானது என்று கேட்டதும் எந்த அட்சரேகையில், எந்தத் திசையில் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

மதுரையின் மழைக்கு இன்னொரு குணம் உண்டு. இங்கே அக்டோபர்தான் அதிக மழை பெறும் மாதம். அதில் பெரும்பங்கு மாலை இடிமழை. ஒரு தெருவில் வெள்ளம், அடுத்த தெருவில் தூறல். அதனால் ஊருக்கு ஒரு மழைமானியாவது வேண்டும். அடி முதல் வாய் வரை ஒரே விட்டம் உள்ள கண்ணாடிக் குவளையோ குழாய்த் துண்டோ போதும். அடிப்பாகம் குழிந்த பாட்டிலை வெட்டி வைத்தால் அளவு தவறும். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி, வாய் தரையில் இருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். தினமும் காலை 8.30-க்கு அளந்து கொட்டிவிட வேண்டும். வானிலை நிலையங்களும் அந்த நேரத்தில்தான் அளக்கின்றன. 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 மி.மீ. பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர்.

நான்காம் படி: செப்டம்பரில் எடுக்க வேண்டிய முடிவுகள்

ரகம்தான் முதல் முடிவு. அணை நீரும் சரி, கண்மாயும் சரி, பாதிக்கு மேல் நிரம்பவில்லை என்றால் நீண்ட வயது நெல்லை விட்டுவிடுங்கள். கோ 51 போன்ற 105-110 நாள் ரகம் ஒரு நனைப்புப் பின்தங்கினாலும் சமாளிக்கும். டிகேஎம் 13 போன்ற 130 நாள் ரகத்துக்கு ஜனவரியிலும் தண்ணீர் உறுதியாக வேண்டும். கணிப்பு இரண்டு பக்கமும் சாயாமல் இருந்தால் நிலத்தைப் பிரித்து, ஒரு பகுதியில் நெல்லும் மற்றதில் உளுந்தோ கம்போ போடுவது எங்கள் பரிந்துரை. ஒரே நாளில் முழு நிலத்தையும் விதைப்பதைவிடப் பத்து நாள் இடைவெளியில் இரண்டாகப் பிரித்து விதைத்தால் பூக்கும் நேரத்தில் வரும் ஒரே மழை முழுவதையும் கெடுக்காது.

கரிசலில் சோளத்தை முன்பருவ விதைப்பாக, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில், போடுபவர்கள் ஆழத்தில் கவனம் வைக்க வேண்டும். விதை 5 செ.மீ. ஆழத்தில் விழ வேண்டும். மேலாக விழுந்தால் செப்டம்பர் கடைசியில் வரும் சிறு தூறலுக்கு முளைத்துவிடும். அடுத்த மழை வர மூன்று வாரம் ஆனால் அத்தனையும் கருகும். ஆழத்தில் கிடக்கும் விதையோ நிலம் நன்றாக நனைந்த பிறகுதான் எழும்பும்.

பயிர்க் காப்பீட்டில் இந்தப் பருவ உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. தோட்டப் பயிருக்கும் பணப்பயிருக்கும் 5 விழுக்காடு வரை. சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை அக்டோபரிலேயே எடுத்துவைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் அடங்கலுக்கு அலைவதும், சர்வர் நிற்பதும், சர்வே எண் தப்பாகப் பதிவாவதும்தான் பின்னால் இழப்பீடு மறுக்கப்படக் காரணமாகின்றன. ரசீதில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் அங்கேயே நின்று சரிபாருங்கள்.

ஆடு வளர்ப்பவர்கள் மழைக்கு முன்பே நீலநாக்கு நோய்த் தடுப்பூசியையும் குடற்புழு மருந்தையும் முடித்துவிட வேண்டும். இந்த நோயைப் பரப்பும், கொசுவைப் போன்ற சிறு கடிபூச்சி ஈரத்தில்தான் பெருகும். மழை பிடித்த பிறகு ஊசி போட்டால் எதிர்ப்பு சக்தி உருவாகும் முன்பே நோய் மந்தைக்குள் நுழைந்துவிடும்.

ஐந்தாம் படி: மழைக்கு முன் வேலைகள்

பருவம் தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. ஆனால் மதுரையில் இடிமழை அதற்கு முன்பே வலுக்கும். எனவே எல்லா வேலைக்கும் கெடு அக்டோபர் 10.

கண்மாயில் முதலில் வரத்துக் கால்வாயை நடந்து பாருங்கள். கரை எவ்வளவு பலமாக இருந்தாலும் வரத்து அடைபட்டால் நீர் வராது. மடைப் பலகை ஏறி இறங்குகிறதா, கலுங்கின் முன்னால் முள்ளும் ஆகாயத்தாமரையும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கரை உடைவது பெரும்பாலும் எலிவளையிலும் பழைய மரவேர் அழுகிய பொந்திலும் தொடங்குகிறது. கரையின் வெளிப்பக்கச் சரிவில் ஈரம் கசிந்தால் அந்த இடத்தில் மணல்மூட்டை அடுக்க 50 காலிச் சாக்காவது கையிருப்பில் இருக்கட்டும்.

நகரத்தில் கால்வாய்களே கண்மாயின் இடத்தில் இருக்கின்றன. செல்லூர்க் கண்மாயின் நீர் பந்தல்குடி கால்வாய் வழியாகத்தான் வைகைக்குப் போக வேண்டும். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் அந்த வழி போதாமல் செல்லூர் பக்கத்துத் தெருக்களும் வீடுகளும் நீரில் நின்றன. கிருதுமால் நதி ஓரத்துப் பகுதிகளுக்கும் இதே ஆபத்து. தாழ்வான வீட்டில் மின்மீட்டருக்குக் கீழே உள்ள பிளக் பாயிண்டுகளை இடுப்பு உயரத்துக்கு மாற்றுங்கள். தரைத்தொட்டியின் மூடி தரைமட்டத்தில் இருந்தால் ஒரு அடி உயரத்துக்குக் கட்டி எழுப்புங்கள். தெருநீர் தொட்டிக்குள் இறங்கினால் மழைக்குப் பிறகு வயிற்றுப்போக்கு வரலாம். இறங்கிவிட்டால் தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்பிய 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.

மழைநீர்க் குழாயில் முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள். ஆறு மாதத் தூசியும் பறவை எச்சமும் அந்த முதல் தண்ணீரில்தான் வரும்.

ஆறாம் படி: வாரக் கணிப்பும் ஐந்து நாள் கணிப்பும்

ஒவ்வொரு வியாழனும் இந்திய வானிலை ஆய்வுத் துறை அடுத்த நான்கு வாரங்களுக்கான கணிப்பைப் புதுப்பிக்கிறது. இதில் பார்க்க வேண்டியது மேடன்-ஜூலியன் அலைவு. நிலநடுக்கோட்டை ஒட்டி 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றிவரும் மேகக் கூட்டம் அது. எட்டுக் கட்டங்களில் 2, 3 என்று இந்தியப் பெருங்கடலில் இருக்கும்போது நமக்கு மழை வாய்ப்பு கூடும். 6, 7 என்று பசிபிக்குக்குப் போய்விட்டால் பெரும்பாலும் வறண்ட இடைவெளி. நடவு முடிந்து மேலுரம் இடுபவர்கள் முதல் இரண்டு வாரக் கணிப்பை நம்பலாம். மூன்றாவது, நான்காவது வாரத்தை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கை மேகதூத் செயலியில் தமிழிலேயே கிடைக்கும். மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் "ஓரிரு இடங்களில்" என்றால் நிலையங்களில் கால்பங்குக்கு மேல் மழை இராது என்று பொருள். "ஒரு சில இடங்களில்" என்றால் பாதி வரை, "அநேக இடங்களில்" என்றால் முக்கால் வரை, "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல். "கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல், "மிக கனமழை" 115.6 மி.மீ.யில் இருந்து, "அதி கனமழை" 204.4 மி.மீ.யைத் தாண்டினால். மதுரைக்கு "ஓரிரு இடங்களில் கனமழை" என்று வந்து உங்கள் ஊரில் பெய்யாவிட்டால் கணிப்பு பொய்த்தது என்று ஆகாது.

எந்த விழுக்காட்டில் செயல்படுவது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. களத்தில் கிடக்கும் நெல்லுக்குத் தார்ப்பாய் வாடகை 1,500 ரூபாய், நனைந்தால் இழப்பு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவை இழப்பால் வகுத்தால் பத்தில் ஒன்று. மழை வாய்ப்பு 10 விழுக்காட்டைத் தாண்டினாலே தார்ப்பாய் போட்டுவிட வேண்டும். மறுபுறம் மழை கழுவினால் 800 ரூபாய் மருந்து வீண், தெளிப்பைத் தள்ளிப்போட்டால் 400 ரூபாய் கூலி வீண் என்றால், மழை வாய்ப்பு 50 விழுக்காட்டைத் தாண்டினால்தான் தள்ளிப்போட வேண்டும். வேலைக்கு வேலை இந்த எல்லை மாறும்.

ஏழாம் படி: கடைசி சில மணி நேரம்

ரேடார் படத்தைப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரைக்கால் ரேடார் மதுரையில் இருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. பூமியின் வளைவால் அதன் கதிர் நம் தலைக்கு மேல் நான்கைந்து கிலோமீட்டர் உயரத்தில்தான் கடக்கும். உயர்ந்த இடிமேகம் படத்தில் தெரியும், தாழ்ந்த மேகத்தின் மழை தெரியாமல் போகலாம். படம் வெறுமையாக இருக்கிறதே என்று குடையை விட்டுப் போகாதீர்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குள் என்றால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது. உடனே வயலைவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். தனித்த புளியமரத்தடியும் பம்ப்செட் தகரக் கொட்டகையும் பாதுகாப்பு அல்ல. கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. தாமினி செயலி சுற்றியுள்ள மின்னலைக் காட்டும்.

வைகைக் கரையில் இருப்பவர்களுக்கு அணை நீர்மட்டமே மணிக்கூண்டு. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அதற்குப் பிறகு வரும் நீர் ஆற்றில் திறக்கப்படும். முதல் எச்சரிக்கையிலேயே ஆற்றுக்குள் இருக்கும் மோட்டாரையும் கால்நடையையும் மேலேற்றுங்கள். யானைக்கல் தரைப்பாலத்தில் நீர் ஏறியபின் வண்டியை இறக்க வேண்டாம். மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநில எண் 1070, மின்கம்பி அறுந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987.

எட்டாம் படி: மழைக்குப் பின் பயிர்

மூழ்கிய நெல்லில் முதலில் நீரை வடிக்க வேண்டும், உரம் அதற்குப் பிறகுதான். நீர் நிற்கும்போது யூரியா போட்டால் அத்தனையும் வீண். வடிந்ததும் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். இலை வெளுத்திருந்தால் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம். வேர் மூச்சுவிடத் தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகும். புது இலை வராத இடத்தில் மட்டும் மிச்ச நாற்றை வைத்து நிரப்புங்கள்.

மல்லிகைக்கு நீர் தேங்குவது ஆகாது. இரண்டு நாள் தேங்கினாலே வேர் அழுகத் தொடங்கும், வரிசைக்கு நடுவே வடிகால் வெட்டியிருக்க வேண்டும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையில் இருந்து 50 செ.மீ. உயரம் விட்டுக் கவாத்து செய்து, செடிக்கு 10 கிலோ தொழுவுரம் இடுவது வழக்கம். மார்கழி, தை மாதங்களில் பனியால் மொட்டு குறைந்து மாட்டுத்தாவணியில் விலை ஏறும். அந்த விலைக்கு ஆசைப்பட்டுக் கவாத்தைத் தள்ளிப்போட்டால் அடுத்த கோடைப் பூவில் இழப்பு தெரியும்.

ஒன்பதாம் படி: மார்கழியும் தையும்

மதுரையில் ஜனவரி மாதக் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். இங்கே குளிரைவிடப் பனிதான் தொல்லை. இரவெல்லாம் இலை நனைந்து, பகலில் மேகமூட்டமும் இருந்தால் நெல்லில் குலைநோய் கிளம்பும். இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. தழைச்சத்து அதிகம் போட்ட வயலில் முதலில் வரும். புள்ளியைக் கண்டதும் யூரியாவை நிறுத்தி, ஏக்கருக்கு 200 கிராம் ட்ரைசைக்ளசோல் 75 தூளை 200 லிட்டர் நீரில் கலந்து, பனி உலர்ந்த பிறகு தெளியுங்கள். கதிர்க்கழுத்தில் நோய் ஏறிய பிறகு மருந்துக்குப் பலன் குறைவு.

டிசம்பர் 31-உடன் மழை முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2021 ஜனவரியில் பெய்த கனமழையில் தென்மாவட்டங்களில் அறுப்புக்கு நின்ற நெல் சாய்ந்து முளைத்தது. தை அறுப்புக்கு ஐந்து நாள் கணிப்பைப் பார்த்தே எந்திரத்துக்குச் சொல்லுங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பனிக்காலத்தில் காலை பத்து மணிக்கு முன் களத்தில் நெல்லைப் பரப்பினால் காய்வதற்குப் பதில் ஈரம்தான் ஏறும்.

அதிகாலையில் திண்டுக்கல் நான்குவழிச் சாலையிலும் நத்தம் சாலையிலும் மூடுபனி இறங்கும். தாழ்வான ஒளியை மட்டும் போடுங்கள், உயர் ஒளி பனியில் பட்டுக் கண்ணையே கூசவைக்கும். கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் மூடிய அறைக்குள் கரி அடுப்பை ஒருபோதும் வைக்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். ஆஸ்துமா உள்ளவர்கள் விடியற்காலை நடையை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

பத்தாம் படி: கணக்கு முடித்தல்

பொங்கல் கழிந்ததும் செப்டம்பர் கணிப்பின் மூன்று விழுக்காடுகளையும், உங்கள் மழைமானி காட்டிய மூன்று மாத மொத்தத்தையும், தாலுகா நிலையத்தின் மொத்தத்தையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் அளவு தாலுகா அளவைவிட எப்போதும் ஒரு பக்கமே சாய்ந்தால், அடுத்த ஆண்டு மாவட்டக் கணிப்பில் அந்த அளவைக் கூட்டியோ குறைத்தோ படியுங்கள். கூடவே எந்த நாளில் தண்ணீர் எந்தக் கல் வரை ஏறியது, எந்த மடை அடைத்தது, காப்பீட்டு ரசீது எண் என்ன என்பதையும் குறியுங்கள். ஐந்து பருவம் சேர்ந்ததும் அந்த நோட்டை ஊர்க் கண்மாய்ச் சங்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுங்கள்.